எலுமிச்சம்பழம் வைக்காத கார்

மார்ச் 3, செவ்வாய்

தென்காசிப் பாத்திரக்கடையில் குக்கர் வாங்கியபோது இந்த டைரியை இலவசமாகக் கொடுத்தார்கள். மளிகைச் சாமான் எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். உலக சரித்திரத்தில் ஒரு பகுதி இதில் ஏறப்போகிறது என்று தெரிந்திருந்தால் அட்டையையாவது கொஞ்சம் கெட்டியாகப் போட்டிருப்பார்கள்.

நான் சிவனணைந்த பெருமாள். ராணுவ விமானத்துக்குள் கார் கட்டுகிறவன். மாடு கட்டுகிறவர்கள் உண்டு, தாலி கட்டுகிறவர்கள் உண்டு. ஆகாயத்தில் கார் கட்டுகிறவன், எனக்குத் தெரிந்து, சூரியனுக்குக் கீழே நான் ஒருவன்தான். சரக்கு விமானத்தின் பின்பக்கம் முதலை வாயைப் போலத் திறந்து தரையைத் தொடும். அந்தச் சாய்வுப் பலகை வழியாகக் காரை உள்ளே ஏற்றி, பெட்ரோலை வடித்து, பேட்டரி வயரைக் கழற்றி, முன்னால் இரண்டு பின்னால் இரண்டு என்று நாலு சங்கிலி போட்டு இறுக்கிவிட்டால் என் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு பூமி நின்று எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தாலும் கார் அசையாது. பதினோரு வருடத்தில் நான் போட்ட சங்கிலி தானாகக் கழன்றதாகச் சரித்திரம் கிடையாது. இதைக் கல்வெட்டில் பொறிக்கலாம். கல் பெயர்ந்து விழும், சங்கிலி கழலாது.

இந்த நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. நான் வந்த பிறகே இரண்டு தடவை மாறிவிட்டது, எழுதினால் மைதான் வீண்.

இப்போது இங்கே சண்டை. எதிர்ப்படை ஊரின் மூன்று பக்கமும் வந்துவிட்டது. நாலாவது பக்கம் மலை. இனி வெளியே போகிற ஒரே வழி ஆகாயம். அந்த வழியில் போய்க்கொண்டிருப்பவை பெரிய அதிகாரிகளின் சொந்தக் கார்கள். குண்டடிபட்ட சிப்பாய்கள் ஓடுபாதை ஓரத்தில் தார்ப்பாயில் படுத்துக்கொண்டு, தங்களுக்கு முன்னால் கார்கள் ஏறுவதைப் பார்க்கிறார்கள்.

என்னோடு அக்கா மகன் மந்திரமூர்த்தியும் இருக்கிறான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். முப்பது வயது. ஊரில் பெண்டாட்டிக்கு ஆறு மாதம். மூக்குக்கு மேல் கோபம், அதற்கு மேல் ஒரு தொப்பி. அக்கா உலகம்மாள் போன் செய்தால் ஒரே பாட்டுதான்.

"ஏல தம்பி, ஒன்ன நம்பித்தாம்ல அனுப்புனேன். எம்புள்ளைய முழுசாக் கொண்டாந்து சேத்துரு."

"முழுசா என்னக்கா, கூட ரெண்டு கிலோ ஏத்தியே கொண்டாரேன்."

வெளியே ஒரு குண்டு விழுந்தது.

"அது என்னல சத்தம்?"

"பக்கத்துல கல்யாணம்க்கா. வேட்டுப் போடுதானுவ."

மார்ச் 5, வியாழன்

இன்று மூன்று கார்கள். ஒரு மந்திரியின் மச்சானுடைய கார், ஒரு நீதிபதியின் கார், யாருடையது என்று கேட்கக்கூடாத ஒரு கார்.

இந்த விமானத்தளத்துக்கு நான் செய்த மகத்தான தொண்டு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். முதல் கார் கட்டிய நாளில் நம் ஊர் வழக்கப்படி முன்சக்கரத்தின் கீழே ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து, நசுக்கி ஏற்றினேன். லோட்மாஸ்டர் தர்வான் ஓடிவந்தான். விமானத்துக்குள் எது எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிறவன் அவன், எனக்கு எசமான், கதவு அகலத்துக்கு மீசை. "இது என்ன?" என்றான். பாதுகாப்பு என்றேன். சிரித்தான்.

அடுத்த வாரம் என் விடுமுறை நாளில் சிப்பாய்களே ஒரு ஜீப்பைக் கட்டினார்கள். பழம் வைக்கவில்லை. ஆகாயத்தில் ஜீப் அவிழ்ந்து ஒருவனுடைய இடுப்பை ஒடித்துவிட்டது. அன்றிலிருந்து பழம் இல்லாமல் கைவண்டிகூட ஏறுவதில்லை. பெயர் மட்டும் அவன் வாயில் நுழையவில்லை. பலகைக்கு மேலே நின்றுகொண்டு, "எலுமி?" என்று கத்துவான். நான் கட்டைவிரலை உயர்த்தி, "எலுமி!" என்பேன். பிறகுதான் கதவு மூடும். விமானிகூட இப்போது கேட்கிறான்.

சந்தையில் குண்டு விழுந்துவிட்டதால் இனிப் பழம் கிடைக்காது. கையிருப்பு ஒரு சின்னப் பை.

மார்ச் 6, வெள்ளி

சமையல்கூடத்தின் மேல் குண்டு. சமையற்காரனைப் பாதிதான் கண்டுபிடித்தோம். ரொட்டி நன்றாக வெந்திருந்தது, எல்லோரும் சாப்பிட்டோம்.

மார்ச் 9, திங்கள்

கர்னல் சப்ரானின் கார் வந்தது. வெள்ளைக் கார், கப்பல் நீளம். உள்ளே சிவப்புத் தோல் இருக்கை. வேலிக்கு வெளியே, விமானத்தில் இடம் கேட்டு நிற்கும் கூட்டத்தின் நடுவே நேராக ஓட்டிவந்திருக்கிறார்கள். முன்பக்கக் கம்பியில் யாருடைய செருப்போ சிக்கியிருந்தது. நான் பிடுங்கி எடுத்தேன். செருப்பு மட்டும்தான் என்று நினைத்தேன். அப்படியில்லை.

விமானத்துக்குள் காயம்பட்டவர்களை ஏற்றியாகிவிட்டது. கார் நிற்க இடம் இல்லை. கர்னல் கையை ஆட்டினார். சிப்பாய்கள் காயம்பட்டவர்களைக் காலைப் பிடித்துப் பலகை வழியாக இழுத்துக் கீழே போட்டார்கள். ஒருவனுடைய காயக்கட்டு அவிழ்ந்து பலகை நெடுக வந்தது. நான் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்கத் துடைக்கப் பளபளப்பாகிக்கொண்டே வந்தது. அதைத்தான் பார்த்தேன்.

மந்திரமூர்த்தி ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுவந்து காருக்கு முன்னால் குறுக்கே நிறுத்திவிட்டான். சாவியைப் பிடுங்கி ஓடுபாதைக்கு அப்பால் எறிந்தான்.

"ஏல, வண்டிய எடுல!" என்று கத்தினேன்.

"நீங்க சும்மா இருங்க மாமா. மனுசன எறக்கிட்டுக் காரு ஏத்துவானா? ஏத்தட்டும், பாப்பம்."

கர்னல் பக்கத்தில் வந்து அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துப்பாக்கியை அவன் தொடையில் வைத்துச் சுட்டார். விழுந்தவனுடைய முகத்தில் பூட்ஸ் காலால் மூன்று நாலு மிதி. பல் தெறித்ததை நான் பார்த்தேன். அதோடு முடித்திருக்க மாட்டார். அதற்குள் ஓடுபாதையிலேயே குண்டு விழ ஆரம்பித்தது. விமானம் கார் இல்லாமலும் காயம்பட்டவர்கள் இல்லாமலும் திறந்த வாயோடே ஓடிக் கிளம்பிவிட்டது. எல்லோரும் சிதறினார்கள். நான் மந்திரமூர்த்தியைத் தோளில் போட்டுக்கொண்டு காற்றைவிட வேகமாக, ஏறத்தாழ ராக்கெட் வேகத்தில், சங்கிலிக் கொட்டகைக்கு ஓடினேன். வழியில் இரண்டு தடவை விழுந்தேன் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

மார்ச் 10, செவ்வாய்

குண்டு தொடையின் மறுபக்கம் வழியாக வெளியே போயிருக்கிறது. மரியாதை தெரிந்த குண்டு.

மார்ச் 11, புதன்

காய்ச்சல். குடித்த தண்ணீரெல்லாம் வாந்தி. சங்கிலிக் குவியலுக்குப் பின்னால் படுக்க வைத்து, மேலே சாக்கைப் போட்டிருக்கிறேன்.

"மாமா, உப்புப் போட்டு ஒரு வாய் எலுமிச்சஞ்சாறு கெடைக்குமா?"

கேட்பான் என்று தெரியும். பையில் ஒரே ஒரு பழம் இருக்கிறது. கோலிக்குண்டு அளவுக்குக் காய்ந்துவிட்டது. தண்ணீர்தான் இல்லை. காலையில் குழாயையும் உடைத்துவிட்டார்கள்.

கர்னலின் ஆட்கள் தேடுகிறார்கள். 'அந்த ஃபோர்க்லிஃப்ட் இந்தியனை எங்கே பார்த்தாலும் முடித்துவிடு' என்று உத்தரவாம். அடுத்த கொட்டகையில் இவன் உயரத்தில் இருந்த வேறொருவனை இழுத்துப் போய்ச் சுவரோடு நிறுத்திச் சுட்டுவிட்டார்கள். பிறகு முகத்தைத் திருப்பிப் பார்த்து, இவன் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் பெயர் எனக்குத் தெரியாது. நேற்று எனக்குத் தீப்பெட்டி கொடுத்தான்.

நாளை கடைசி விமானம். தர்வான் சொன்னான். கர்னலும் காரும் போகிறார்கள். மிச்ச இடத்தில் காயம்பட்டவர்களில் பாதி. மந்திரமூர்த்தி என் அக்கா மகன் என்று தெரியாத கர்னல் என்னையும் கூப்பிட்டுச் சொன்னார்: "கட்டியவனே அவிழ்க்க வேண்டும். நீயும் வா. ஒரு கீறல் விழுந்தால் உன் தோலை உரித்து இருக்கைக்கு உறை போடுவேன்."

என் தோல் சிவப்பு இருக்கைக்குப் பொருந்தாது என்று சொல்ல நினைத்தேன். தலையை ஆட்டிவைத்தேன்.

விமானத்தில் ஏறுகிற ஒவ்வொரு முகத்தையும் வாசலில் பார்ப்பார்கள். மூட்டையைக் குத்திப் பார்ப்பார்கள். சவப்பெட்டியைக்கூடத் திறந்து பார்க்கிறார்கள். யாரும் தொடப் பயப்படுகிற இடம் மொத்தத் தளத்திலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

"மந்திரம், நாளைக்கு ஒன்னய ராசா மாரி கார்ல கூட்டிட்டுப் போறேன்ல."

"யாரு கார்ல?"

"ஒன்னச் சுட்டவன் கார்லதான். டிக்கில."

சாக்கை விலக்கி என்னைப் பார்த்தான். அப்புறம் உடைந்த பல்லோடு சிரித்தான். "காத்து வருமா மாமா?"

"பின்சீட்டத் தளத்தி வைக்கேன். குத்தாலத்துக் காத்தே வரும்."

மார்ச் 12, வியாழன், விடியற்காலை

டிக்கிக்குள் சாக்கு விரித்தாகிவிட்டது. அவன் வாயில் கடித்துக்கொள்ளத் துணி. காரை ஏற்றும் வரை சாவி என்னிடம். ஏற்றி முடித்ததும் கர்னலிடம். வெளியே வேலியைக் கூட்டம் பிய்த்துக்கொண்டிருக்கிறது. சிப்பாய்கள் சுடுகிறார்கள். விழுகிறவர்கள் மேல் ஏறி மற்றவர்கள் வருகிறார்கள்.

எனக்குப் பயம் என்பது என்னவென்றே தெரியாது. மூன்று தடவை வெளிக்குப் போனது பழைய ரொட்டியால்.

மார்ச் 13, வெள்ளி

இப்போது பக்கத்து நாட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதாவிட்டால் பின்னால் யாராவது தப்பாகச் சொல்லிவிடுவார்கள்.

காரை ஏற்றினேன். நாலு சங்கிலி போட்டேன். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். கர்னல் வந்து சாவியை வாங்கிக்கொண்டு, மேல்கூரையைக் குழந்தையைத் தட்டுவது போலத் தட்டினார். தர்வான் மேலே இருந்து கத்தினான்: "எலுமி?" நான் கட்டைவிரலை உயர்த்தினேன். கதவு மூடியது.

விமானம் தரையை விட்டதும் கீழேயிருந்து சுட்டார்கள். தரைத்தகடு சல்லடையாகியது. என் பக்கத்தில் படுத்திருந்த காயக்காரன் சிகரெட் கேட்டுக்கொண்டிருந்தான். கேள்வி முடிவதற்குள் அவனுக்குத் தாடை இல்லை. வலது இறக்கையில் ஒரு என்ஜின் பற்றி எரிந்தது. விமானம் பாரம் தாங்காத கழுதை போல முனகியது. எதிரே மலை. அந்த மலை நேற்றுவரை அவ்வளவு உயரம் இல்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றது.

விமானி ஒலிபெருக்கியில் ஒரே வார்த்தை சொன்னான். பாரம்.

தர்வான் பின்கதவைத் திறந்தான். வாய் திறந்ததும் உள்ளே இருந்த போர்வை, கட்டுத்துணி எல்லாம் வெளியே பறந்தன. அவன் குனிந்து காரின் பின்சங்கிலிகள் இரண்டையும் கழற்றினான். முன்னால் வந்து ஒன்றைக் கழற்றினான். நாலாவதில் கை வைத்தபோது கர்னல் சுட்டார். தர்வானின் முழங்கால் போயிற்று.

"என் காரைத் தொடாதே!" என்றார் கர்னல்.

"காரத் தள்ளாத!" என்று நானும் கத்தினேன். கர்னல் பக்கத்தில் போய் நின்றேன். பதினோரு வருடமாகக் கற்ற பாஷையெல்லாம் கைவிட்டுவிட்டது, சுத்தத் தென்காசித் தமிழில்தான் வந்தது. அந்த ஆகாயத்தில் அந்தக் காரைக் காப்பாற்ற நினைத்த ஆட்கள் இரண்டே பேர். தார்ப்பாயில் கிடந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கர்னல் மட்டும் என் தோளைத் தட்டினார். "நல்ல வேலைக்காரன்" என்றார்.

தட்டிய கையை அவர் எடுக்கும் முன் சங்கிலி இறுக்கும் இரும்புக் கம்பியால் அவர் மண்டையில் அடித்தேன். ஒரு அடிதான். மலையே பிளந்திருக்கும். அவருக்கு நெற்றி மட்டும் பிளந்தது. இன்னும் இரண்டு போட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தேன், துப்பாக்கியை எடுக்க மறந்தேன்.

டிக்கியைத் திறந்தால், வாந்திக்கு நடுவில் மந்திரம் கண்ணைச் சிமிட்டுகிறான்.

"மாமா, வந்துட்டமா?"

"பாதி வழிதாம்ல. எறங்கு."

"இங்கனயா?"

அக்குளில் கை கொடுத்து இழுத்துப் போட்டேன். அலறினான். அப்போதுதான் தார்ப்பாயில் கிடந்தவர்களுக்கு விஷயம் புரிந்தது. கை இருந்த இரண்டு பேர் அவனைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டார்கள்.

திரும்பிப் பார்த்தால் கர்னல் எழுந்துவிட்டார். முகம் முழுக்க ரத்தம். கண் தெரியாமல் தடவித் தடவிக் கார்க்கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கதவைப் பூட்டினார். சீட் பெல்ட் போட்டார். இதை நான் மிகைப்படுத்தவில்லை, போட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துச் சுட ஆரம்பித்தார். மந்திரத்தை இழுத்த இரண்டு பேரில் ஒருவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்.

"என்னோடு சேர்த்துத் தள்ளுவீர்களா?" என்று உள்ளேயிருந்து கத்தினார். "எவனுக்குத் தைரியம்? என்னையா?"

மலை வந்துகொண்டிருந்தது. பாறையில் இருந்த ஆடுகள் தெரிந்தன. தர்வான் ரத்தக் குளத்தில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். மிச்சம் இருந்தது முன்பக்க இடது சங்கிலி ஒன்று. நான் அதற்குப் பக்கத்தில் குனிந்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் அது தானாகக் கழன்றது.

காற்று அப்படி. கார் பின்பக்கமாக நகர்ந்தது. கர்னல் பிரேக்கை மிதித்தார், சக்கரம் சுற்றவில்லை. தரையெல்லாம் ரத்தமாக இருந்ததால் சுற்றாமலே வழுக்கியது. பேட்டரியை நான் கழற்றியிருந்ததால் பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. கடைசிவரை மிதித்துக்கொண்டேதான் போனார். கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார். பலகையின் நுனியில் கார் ஒரு நொடி யோசித்தது. அப்புறம் வெள்ளை வெளேரென்று ஆகாயத்தில் போயிற்று.

விமானம் துள்ளியது. மலையின் முடி எங்கள் வயிற்றைத் தடவியது.

மார்ச் 14, சனி

விசாரணை. இந்த நாட்டு அதிகாரி ஒருவர், கண்ணாடி போட்டவர், ஆஸ்பத்திரி வார்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மொழிபெயர்க்க ஒருவர். ஒரு கர்னல் காரோடு ஆகாயத்திலிருந்து விழுந்தால் யாராவது கேட்கத்தானே செய்வார்கள்.

"கடைசிச் சங்கிலி எப்படிக் கழன்றது?"

"தானாக."

"யார் கட்டியது?"

"நான்தான்."

"எத்தனை வருட அனுபவம்?"

சொன்னேன்.

"இதற்கு முன்னால் நீங்கள் கட்டிய சங்கிலி எப்போதாவது தானாகக் கழன்றிருக்கிறதா?"

வாழ்க்கையில் எவ்வளவோ பொய் சொல்லியிருக்கிறேன். ஒற்றைக் கையால் லாரியைத் தூக்கினேன் என்று பெண் பார்க்கப்போன வீட்டில் சொன்னவன் நான். அப்போதெல்லாம் நாக்கு பட்டுப்போல ஓடும். இன்று, ஆமாம், நான் மட்டமாகக் கட்டுகிறவன், எப்போதும் கழலும் என்று சொன்னால் போதும். வாய் வரவில்லை.

"ஒரு தடவைகூட இல்லை" என்றேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால் இந்தத் தடவை மட்டும் ஏன்?"

அடுத்த கட்டிலில் தர்வான். முழங்காலுக்குக் கீழே இப்போது அவனுக்கு ஒன்றும் இல்லை. அவன் எல்லாவற்றையும் பார்த்தவன். என் கை எங்கே இருந்தது என்று பார்த்தவன். தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"எலுமி இல்லை" என்றான்.

"என்ன?"

"இவன் எலுமி வைக்கவில்லை. நான் கேட்டேன். வைத்ததாக விரலைக் காட்டினான். சக்கரத்தின் கீழே நான் பார்த்தேன். எலுமி இல்லை. எலுமி இல்லாமல் சங்கிலி நிற்காது. எங்கள் தளத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்."

"எலுமி இல்லை" என்றான் அதற்கு அடுத்த கட்டில்காரன்.

"இல்லை, இல்லை, எலுமி இல்லை" என்று வார்டின் கடைசிவரை போயிற்று. தாடை இல்லாதவன்கூடத் தலையை ஆட்டினான்.

மொழிபெயர்ப்பாளர் அது என்ன கருவி என்று என்னிடம் கேட்டார். மிகவும் முக்கியமான பாகம் என்றேன். அதிகாரி தர்வானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்த வரிசையை ஒருமுறை நெடுகப் பார்த்தார். பாகம் பொருத்தப்படவில்லை என்று எழுதிக்கொண்டு எழுந்துபோனார்.

தர்வான் என் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "மட்டமான வேலை" என்றான். மீசை மட்டும் ஆடியது.

மாலையில் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"முழுசா இருக்கானால?"

"முழுசாத்தாங்க்கா. ஒரு ஓட்ட மட்டும்தான் கூட இருக்கு."

அழுதாள். அப்புறம் திட்டினாள். அப்புறம் அழுதாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

மந்திரத்துக்குக் காய்ச்சல் இறங்குகிறது. பேச ஆரம்பித்துவிட்டான், அதுதான் கஷ்டம்.

"மாமா, எலுமிச்சம்பழம் வைக்க நெசமாவே மறந்துட்டீங்களா?"

"வயசாவுதுல்லா. மறதி."

"ஒங்களுக்கா? கட்டுன பொண்டாட்டி பேர மறந்தாலும் அத மறக்க மாட்டீங்களே."

"ஏல, பேசாமப் படு."

துவைக்கப் போடுவதற்காக நர்ஸ் என் சட்டையைக் கேட்டாள். கழற்றிக் கட்டிலில் போட்டேன். மேல்பையிலிருந்து அது உருண்டு வந்து அவன் கையருகே நின்றது. கோலிக்குண்டு அளவு, காய்ந்து, ஒரு பக்கம் ரத்தம் பட்டது. எடுத்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அப்போ இது எனக்காகவா வச்சிருந்தீங்க?"

நான் நர்ஸிடம் கத்தியும் உப்பும் ஒரு டம்ளர் தண்ணீரும் கேட்டேன். எங்கும் கிடைக்காத பொருளைக் கேட்டது போல நினைத்தேன், உடனே கொண்டுவந்துவிட்டாள்.

"மாமா, அந்தச் சங்கிலி..."

"குடில" என்றேன்.

அந்தக் காய்ந்த பழத்தில் மூன்று குடம் சாறு இருந்தது. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு பிழிந்ததில் இரண்டு குடம் கீழே போய்விட்டது.